குளிரில் கிளம்பாத பழைய பிக்கப் வண்டி: ஹீட்டர் டைமரைக் கண்டறிந்து சோதிக்கும் முறை

நீலகிரி, கொடைக்கானல் மலைப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவது வழக்கம். காரட், பீட்ரூட், முட்டைக்கோசு முதலியவற்றை முதல் நாள் மாலையே மூட்டை பிடித்து ஏற்றிவிட்டு, விடியுமுன் மேட்டுப்பாளையத்திற்கோ ஒட்டன்சத்திரத்திற்கோ இறங்கும் விவசாயிகள் பலர் சொந்தமாகப் பழைய டீசல் பிக்கப் வண்டி வைத்துள்ளனர். அந்த நேரம் பார்த்து வண்டி கிளம்ப மறுக்கும். செல்ப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. வெயில் ஏறிய பின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். ஆனால் அதற்குள் மண்டியில் ஏலம் முடிந்திருக்கும்.

இக்கோளாறுக்குப் புதுப் பாட்டரி வாங்கியவர்களும், டீசல் பம்பைக் கழற்றிச் செலவு செய்தவர்களும் உண்டு. பல வண்டிகளில் குற்றவாளி, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சிறு பெட்டியாகும். அதனை ஹீட்டர் டைமர் என்பர்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்று மிகுந்த அழுத்தத்தில் சூடேறி, அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பழைய வகை என்ஜின்கள் பலவற்றில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதில்லை. தலைப் பகுதியிலுள்ள சிறு அறையில் பாய்கிறது. குளிர்ந்த காலையில் அந்த அறையின் சுவரே சூட்டை உறிஞ்சிவிடும். எனவே, சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஹீட்டர் பிளக் பொருத்தியுள்ளனர். சாவியைத் திருப்பியதும் அதன் நுனி செக்கச் சிவந்து அறையைச் சூடாக்கும்.

நான்கு பிளக்குகளும் சேர்ந்து சுமார் 50 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இரண்டு ஹெட்லைட்டுகளும் சேர்ந்து எடுப்பதே சுமார் 10 ஆம்பியர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். இவ்வளவையும் சாவி சுவிட்ச் தாங்காது. ஆகவே ஒரு பெரிய ரிலேயும், எத்தனை விநாடி ஓட வேண்டும் என முடிவு செய்யும் மின்னணுச் சுற்றும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டும் சில வண்டிகளில் ஒரே பெட்டிக்குள் இருக்கும். சிலவற்றில் டைமர் டாஷ்போர்டின் கீழும், ரிலே பானட்டுக்குள்ளும் தனித்தனியே இருக்கும்.

பெட்டியை அடையாளம் காண ஒயரைப் பின்தொடர்வதே நல்ல வழி. பிளக்குகளின் தலையை இணைக்கும் உலோகப் பட்டையிலிருந்து தடித்த ஒயர் ஒன்று கிளம்பும். அது போய்ச் சேரும் பெட்டியே நாம் தேடுவது. பாட்டரியிலிருந்தும் ஒரு தடித்த ஒயர் அங்கு வந்திருக்கும். மெல்லிய ஒயர்கள் சில இருக்கும். ஜெர்மானிய முறைப்படி எண் பொறித்த பெட்டியானால் 30 என்பது பாட்டரி, 15 சாவி, 50 செல்ப், 31 எர்த் ஆகும்.

பெட்டியைத் தொடுமுன் புகையைக் கவனிக்க வேண்டும். செல்ப் அடிக்கும்போது டீசல் நெடியுடன் வெள்ளைப் புகை வந்தால், டீசல் வருகிறது, சூடு போதவில்லை என்று பொருள். (அழுத்தம் குறைந்த தேய்ந்த என்ஜினும் இப்படிப் புகையும்.) புகையே இல்லையெனில் டீசல் வரவில்லை; லைனில் காற்று ஏறியிருக்கலாம், பம்பிலுள்ள ஸ்டாப் சாலினாய்டு வேலை செய்யாமலிருக்கலாம். செல்ப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பாட்டரியைப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றும், அதில் இணைத்த இரண்டு ஒயர்களும் போதும். என்ஜின் நன்கு குளிர்ந்திருக்கும் காலையில் செய்ய வேண்டும். சூடான என்ஜினில் டைமர் மின்சாரம் விடாமலிருப்பது கோளாறு அன்று. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கையிலுள்ள மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிடுவது அவசியம். தடித்த ஒயரில் ஸ்பானர் பட்டால் நெருப்புப் பறக்கும்.

பல்பின் ஒரு ஒயரை என்ஜின் உலோகத்திலும், மற்றதைப் பிளக்குகளின் பட்டையிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லவும். பல்ப் சில விநாடி எரிந்தால் டைமரும் ரிலேயும் நலமாக உள்ளன; பிளக்குகளையே சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டில் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு எரிவதை மட்டும் நம்பலாகாது. பல வண்டிகளில் பிளக் அனைத்தும் எரிந்துபோனாலும் அவ்விளக்கு முறையாக எரிந்து அணையும்.

பல்ப் எரியாவிடில் பெட்டிக்கு வரும் பாட்டரி ஒயரில் வைத்துப் பார்க்கவும். அங்கும் எரியாவிடில் இடையிலுள்ள தடித்த பட்டை பியூஸ் போயிருக்கும். எரிந்தால், சாவி ஒயரையும் எர்த் ஒயரையும் சோதிக்க வேண்டும். எர்த் துருப்பிடித்ததாலேயே நல்ல டைமரை வீசியவர்கள் பலர். எலி கடித்த ஒயரும் உண்டு. பிறகு, என்ஜின் நீரின் சூட்டைக் காட்டும் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை சாவியைத் திருப்பலாம். பெரும்பாலான டைமர்கள் இதனைக் கடுங்குளிர் என எடுத்துக்கொள்ளும். இப்போது மின்சாரம் வந்தால் சென்சாரை மாற்றினால் போதும். இவையனைத்தும் சரியாயிருந்தும் மின்சாரம் வராவிட்டால்தான் பெட்டி பழுது எனலாம்.

பெட்டி பழுதானாலும் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளே ரிலேயின் தடித்த கால்களைச் சுற்றி ஈயப் பற்று விரிந்திருப்பது அடிக்கடி காணப்படும் குறை. டி.வி. பழுது பார்ப்பவர் சில நிமிடங்களில் மீண்டும் பற்ற வைத்துவிடுவார்.

பிளக்குகளைச் சோதிக்கப் பட்டையைக் கழற்றி, பல்பின் ஒரு ஒயரைப் பாட்டரி பாசிட்டிவிலும் மற்றதைப் பிளக் தலையிலும் வைக்கவும். எரியாத பிளக் எரிந்துபோனதாகும். புதிது வாங்கும்போது பழையதில் பொறித்துள்ள வோல்ட்டே இருக்க வேண்டும்; எல்லாமே 12 வோல்ட் அல்ல. என்ஜின் சற்றுச் சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருகிக் கழற்றுவது நல்லது. நுனி வீங்கிய பிளக் முறிந்து உள்ளே விழுந்தால் சிலிண்டர் தலையையே கழற்ற நேரிடும்.

எல்லாப் பிளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்திருந்தால், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். என்ஜின் ஓடிப் பத்து நிமிடம் கழிந்தும் பட்டையில் பல்ப் எரிந்தால் அதுவே காரணம். ரிலேயை மாற்றாமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் எரியும்.

அவசரத்திற்கு ஈதர் தெளிப்பானை அடிக்கும் பழக்கம் மிக ஆபத்தானது. சிவந்த பிளக்கில் பட்டு அது வெடித்தால் பிஸ்டன் உடையும். டைமர் கிடைக்காத வண்டிக்கு, விட்டவுடன் தானே மீளும் அழுத்து பொத்தான் ஒன்றை, தக்க ரிலே, பியூஸ் ஆகியவற்றுடன் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். பொத்தானைப் பத்து விநாடி அழுத்திவிட்டுச் செல்ப் அடிப்பது பெரும்பாலும் போதும்.

கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய காமன் ரெயில் வண்டிகளில் இந்த பல்ப் சோதனை கூடாது. பழைய சாமான் கடையில் டைமர் வாங்குவோர் வடிவத்தை மட்டும் பார்க்காமல், மேலுள்ள பாக எண்ணையும் வோல்ட்டையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். லாரிக்குரிய 24 வோல்ட் பெட்டி சில சமயம் அச்சாக அதேபோலிருக்கும்.