இல்லாத கை வலிக்குமா?

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடுங்கள். தப்பாமல் தொடுவீர்கள். கை எங்கே இருக்கிறதென்று தசையும் மூட்டும் மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மூளையில் கைக்கென்று ஓர் இடமே உண்டு. கை போனாலும் அந்த இடம் போவதில்லை. அதனால் எங்கள் மல்லசமுத்திரம் பக்கம், விபத்தில் கையை இழந்தவர், "விரலெல்லாம் மடங்கி நெரிக்குதுங்க" என்றால் நடிப்பல்ல, புத்திப் பிசகுமல்ல. வீட்டார் அதட்டாதீர்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் முன் ஒரு கண்ணாடியை நிறுத்தினார். இல்லாத கையின் இடத்தில் நல்ல கையின் பிம்பம் தெரியும். நல்ல கையை மெல்ல விரித்தால் இல்லாத கையும் விரிவதாகச் சிலருக்குத் தோன்றியது, நெரிப்பும் தணிந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. தைலம் தழும்புக்கு இதம்தான். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இந்த வலிக்கு அது மட்டும் போதாது. நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.