கேளாமல் போகும் பணம்

சிங்கப்பூரில் மின்கட்டணத்துக்காக ஜைரோ படிவத்தில் நம்மில் பலர் கையெழுத்திட்டிருப்போம். கையெழுத்து ஒரு முறைதான். பணமோ மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். இணையத்தில் பேபால் கணக்கின்வழி பணம் கட்டும்போதும் சில வேளைகளில் இதே அனுமதியைத் தந்துவிடுகிறோம். அங்கே படிவமும் இல்லை, பேனாவும் இல்லை. பொத்தானைத் தட்டுவதோடு சரி. அதனால்தானோ என்னவோ, அது நினைவில் நிற்பதில்லை.

அதன்பின் ஒவ்வொரு முறையும் நம் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள். மூன்று வெள்ளி, நான்கு வெள்ளி என்று போவதை நாமும் கவனிப்பதில்லை. கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் செயலிதான் போகும்; அனுமதி அப்படியே இருக்கும். பேபாலின் அமைப்புப் பக்கத்தில் தானியங்கிக் கட்டணங்களின் பட்டியல் உண்டு. வேண்டாததை, அடுத்த முறை பணம் எடுக்கும் நாளுக்கு முன்பே அங்கு ரத்து செய்துவிடலாம். நாங்கள் திறந்து பார்த்தபோது, என்றோ மறந்துபோன கடை ஒன்று இன்னமும் அதில் இருந்தது.