தனியாள் வணிகமும் நாள்வழிக் கணக்கும்

மலேசியாவில் ஒருவரே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருந்து நடத்தும் வணிகங்கள் பல உள்ளன. வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்போர், காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துவோர், தையல் தொழில் புரிவோர், பூமாலை கட்டுவோர் ஆகியோர் இவ்வகையினர். இவர்களுள் பலரிடம் உழைப்பும் திறமையும் நிலையான வாடிக்கையாளரும் இருந்தும் கணக்கு மட்டும் இருப்பதில்லை. பெட்டியில் பணம் இருந்தால் வியாபாரம் நன்றாக நடக்கின்றது என்பதே அவர்தம் மதிப்பீடாக அமைகின்றது. அப்பணம் இலாபம்தானா, அன்றி முதலே கரைந்து வருகின்றதா என்பதை அறிய எளிய கணக்கு முறையொன்று போதும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மரபில் கணக்கு

கணக்கெழுதுதல் நமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கு வந்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், பினாங்கு, கோலாலம்பூர் முதலிய நகரங்களில் இருந்த தம் கிட்டங்கிகளில் நாள்தோறும் கணக்கெழுதினர். நடப்புகளை முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர் ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிந்தனர். காலமுடிவில் ஐந்தொகை எடுத்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்குப் பழகியே அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தார். கடலுக்கு அப்பால் ஊரிலிருந்த முதலாளி தம் தொழிலின் நிலையை அவ்வேடுகளின்வழியே அறிந்தார்.

இன்றைய தனியாள் வணிகருக்கு முதலாளியும் மேலாளும் தாமே. ஆகவே, தமக்குத் தாமே கணக்குக் காட்டவேண்டுமா என்னும் ஐயம் எழலாம். வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அவரிடம் வணிகத்தின் பணமும் குடும்பத்தின் பணமும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே கணக்கின் முதற் பணியாகும்.

நாள்வழி ஏடு

பெரிய நிறுவனங்கள் கையாளும் இரட்டைப் பதிவு முறை இவர்களுக்குத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடிட்ட குறிப்பேடு ஒன்றே போதும். தேதி, விவரம், வரவு, செலவு, வீட்டுக்கு எடுத்தது, இருப்பு என ஆறு பத்திகள் வரைந்துகொள்ளல் வேண்டும். இவற்றுள் ஐந்தாம் பத்தியே மிக இன்றியமையாதது. மகனின் பள்ளிச் செலவுக்குக் கொடுத்த பணம் வணிகச் செலவன்று. ஆயினும் பெட்டியிலிருந்து சென்ற பணம் ஆதலின் அது பதியப்படுதல் வேண்டும்.

சிற்றுண்டிக் கடை ஒன்றினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காலையில் பெட்டியில் சில்லறையாக 50 ரிங்கிட் இருந்தது. அன்றைய விற்பனை 240 ரிங்கிட். மாவும் காய்கறியும் வாங்கியது 95, எரிவாயு 30, வீட்டுக்கு எடுத்தது 40. அவ்வாறாயின் மாலையில் 125 ரிங்கிட் இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்க்கையில் 113 ரிங்கிட்டே இருப்பின், 12 ரிங்கிட்டுக்கு விடை தேடவேண்டும். எழுத மறந்த செலவாக இருக்கலாம். சில்லறை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். அன்றே தேடினால் நினைவு துணைநிற்கும். ஒரு வாரம் கழிந்தபின் தேடுதல் வீண் முயற்சியாகும்.

இக்காலத்தில் கியூஆர் குறியீட்டின்வழி வரும் பணம் பெட்டிக்கு வராமல் நேரே வங்கிக்குச் சென்றுவிடுகின்றது. எனவே வரவுப் பத்தியை ‘ரொக்கம்’, ‘வங்கி’ என இரண்டாகப் பிரித்தல் நலம். வணிகத்திற்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் இவ்வேலை மேலும் எளிதாகும்.

கடன் ஏடும் பற்றுச்சீட்டும்

கடனுக்குக் கொடுத்த பொருளை நினைவில் மட்டும் வைத்திருத்தல் நட்டத்திற்கு வழிவகுக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கொடுத்த நாள், தொகை, திரும்பி வந்தது ஆகியவற்றை எழுதவேண்டும். பேரேட்டின் அடிப்படையும் இதுவே. தாம் கடனாக வாங்கிய சரக்கிற்கும் இவ்வாறே ஒரு பக்கம் வேண்டும்.

பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகளை மாதத்திற்கு ஓர் உறையாகச் சேர்த்து வைக்கலாம். வெப்பத்தாளில் அச்சாகும் சீட்டுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆதலால் அவற்றை நகலெடுத்தோ கைப்பேசியில் படம்பிடித்தோ வைத்தல் வேண்டும்.

மாத இறுதியில் தெரிவது

மேற்கூறிய கடையின் ஒரு மாதக் கணக்கைக் காண்போம். விற்பனை 5,200 ரிங்கிட். மூலப்பொருள் 2,900, எரிவாயு, பொட்டலத் தாள், பெட்ரோல் 625. 900 ரிங்கிட் விலையுள்ள அரவை இயந்திரம் மூன்றாண்டு உழைக்கும் எனக் கொண்டால், மாதத்திற்கு 25 ரிங்கிட் அதன் தேய்மானமாகும். இவை போக எஞ்சிய இலாபம் 1,650 ரிங்கிட். ஆனால், ஐந்தாம் பத்தியைக் கூட்டினால் வீட்டுக்கு எடுத்தது 1,900 என வருகின்றது. அஃதாவது, 250 ரிங்கிட் முதலிலிருந்து உண்ணப்பட்டுள்ளது.

நாள்தோறும் பெட்டியில் பணம் புழங்கியமையால் இக்குறை கண்ணுக்குப் புலப்படவில்லை. ஓராண்டு இவ்வாறே நீடித்தால் 3,000 ரிங்கிட் கரைந்துவிடும். பின்னர் சரக்கு வாங்கப் பணமின்றி, ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரரை நாடும் நிலை நேரலாம். வியாபாரம் திடீரென நொடித்ததாகப் பிறர் கருதுவர். உண்மையில் அது மாதந்தோறும் நொடித்துவந்துள்ளது. இதனை முதல் மாதத்திலேயே அறிந்தவர், விலையைச் சற்று உயர்த்தலாம். வீண்போகும் பொருளைக் குறைக்கலாம். வீட்டுச் செலவுக்கு வாரந்தோறும் இவ்வளவே என வரையறுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் தேவை

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, வணிகம் நடத்துவோர் தம் கணக்குப் பதிவுகளையும் ஆவணங்களையும் ஏழு ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். வரிப் படிவம் அளிக்கவேண்டிய தனியாள் வணிகர்கள் ஓராண்டின் வருமானத்தை மறு ஆண்டு ஜூன் 30ஆம் நாளுக்குள் ‘பி’ படிவத்தில் அறிவித்தல் வேண்டும். உரிமையாளர் தமக்கென எடுத்துக்கொண்ட பணத்தை வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க இயலாது. கருவிகளின் தேய்மானத்திற்கும் வரிச் சட்டம் தனி விதிகளைக் கொண்டுள்ளது. செலவினை மெய்ப்பிக்கப் பற்றுச்சீட்டு இல்லையெனில், உண்மையாகச் செய்த செலவும் ஏற்கப்படாமற் போகலாம்.

கடன் கேட்டுச் செல்லும் இடத்திலும் ஏடு துணைநிற்கும். பன்னிரண்டு மாத வரவு செலவைக் காட்ட இயலாதவரின் தொழில், எத்துணை நன்றாக நடந்தாலும், கடன் வழங்குவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இம்முறையைத் தொடங்க ஆண்டுப் பிறப்பிற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு பெட்டியிலுள்ள பணத்தை எண்ணி, அத்தொகையை முதல் வரியில் இருப்பாக எழுதலாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். தம் உழைப்புக்கு மாதம் எவ்வளவு கிடைக்கின்றது என்னும் கேள்விக்கு, ஊகமாக அன்றித் தொகையாகவே விடை கூற ஒரு மாதத்தில் இயலும்.