ஊரார் கையில் ஒரு நீச்சல்குளம்

இத்தனை காலம் நடத்திவந்த நீச்சல்குளத்தை மூடப்போகிறோம், இனிக் கட்டுப்படியாகாது என்று உள்ளாட்சி மன்றம் அறிவித்துவிடுகிறது. ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்? மனு கொடுக்கலாம். வீதியில் இறங்கிப் போராடலாம். அடுத்த தேர்தலில் ஆளை மாற்றலாம். இங்கிலாந்தில் சில ஊர்கள் இன்னொன்றையும் செய்து பார்த்தன. “சாவியை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம்” என்றன. நியூகாசில் நகரின் ஜெஸ்மண்ட் பகுதியில் 1991-இல் மன்றம் மூடிய குளத்தை, அங்கே குடியிருந்தவர்களே ஓர் அறக்கட்டளை அமைத்து மறு ஆண்டே திறந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்விகள் உடனே வந்து நிற்கும். குளம் இனி யாருடையது? பணம் போட்டவருக்கு என்ன கிடைக்கும்? நஷ்டம் வந்தால்? வசதியுள்ள ஒருவர் எல்லாப் பங்கையும் வாங்கிக்கொண்டால்? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்குப் பென்சான்ஸ் ஊரின் ஜூபிலி குளம் நல்ல எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனை கார்ன்வால். அங்கே கடலை ஒட்டி, அலை வந்து மோதும் இடத்தில், முக்கோண வடிவில் கட்டிய திறந்தவெளிக் குளம் இது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவை ஒட்டி 1935-இல் திறந்ததால் இந்தப் பெயர். வரைந்து கட்டியவர் ஊரின் பொறியாளர் கேப்டன் லாதம். குளத்தில் நிரம்புவது கடல்நீர். 2014 பிப்ரவரியில் அடித்த புயல்களில் குளம் பலத்த சேதமடைந்தது. பழுது பார்த்துத் திறக்க 2016 ஆகிவிட்டது. மூடிக் கிடந்த காலத்தில் விடாமல் குரல் கொடுத்த ஊர்க்காரர்கள், பிற்பாடு ஒரு சங்கத்தைப் பதிவு செய்து குளத்தை நடத்தும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். 2019-இல் அந்தச் சங்கம் பங்குகளை வெளியிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டார்கள்.

இங்கே ‘பங்கு’ என்றவுடன் பங்குச்சந்தை நினைவுக்கு வந்தால், அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். பிரிட்டனில் இத்தகைய சங்கங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு அதன் முதல் விதி புதிதல்ல: எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். சிறு தொகை போட்ட ஓய்வூதியக்காரருக்கும் பெருந்தொகை போட்ட வணிகருக்கும் பொதுக்குழுவில் ஒரே எடை. ஆகவே பணக்காரர் ஒருவர் பங்குகளை அள்ளிக்கொண்டு குளத்தைத் தன் விருப்பப்படி ஆட்டிவைக்க வழியில்லை.

பங்கின் விலை ஏறாது. அதை வேறொருவருக்கு லாபத்துக்கு விற்கவும் முடியாது. வேண்டாம் என்றால் சங்கத்திடம் சொல்லிப் போட்ட தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சங்கத்தின் நிலைமை இடம் கொடுத்தால்தான் அது கிடைக்கும். வட்டி கொடுத்தாலும் அளவாகத்தான். சங்கம் நொடித்துப் போனால் போட்ட பணம் போகலாம். ஆனால் அதற்கு மேல் கடன்காரர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். இதனால்தான் இதைச் சேமிப்பாக எண்ணிப் பணம் போடக்கூடாது. ஊருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று எண்ணிப் போட வேண்டும். நேர்மையான சங்கங்கள் இதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிவிடுகின்றன.

சொத்துப் பூட்டு என்று இன்னொரு ஏற்பாடும் உண்டு. சங்கம் இந்த விதியை ஏற்றுப் பதிந்துவிட்டால், நாளைக்கு நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்தாலும், விற்று உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. கலைத்தாலும் மிச்சம் இதே போன்ற பொதுநோக்கத்துக்குத்தான் போக வேண்டும். கடற்கரையோரச் சொத்துக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் காகிதத்தில் இருப்பவை. ஊரார் நடத்தும் குளங்களைத் திணறவைப்பது பெரும்பாலும் மாதாமாதம் வரும் பில்கள்தாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஒரே ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 545 யூனிட் ஆற்றல் வேண்டும். ஒருமுறை ஏற்றினால் போதுமா? போதாது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. இரவில் குளத்தின் மேல் விரிப்பைப் போர்த்துவது இதற்காகவே. அந்த விரிப்புக்குச் செலவழித்த பணம் வீண் போவதில்லை.

அடுத்தது சுத்தம். தண்ணீர் ஓயாமல் வடிகட்டியின் வழியே சுற்றிவர வேண்டும். குளோரின் அளவையும் அமிலத்தன்மையையும் நாளுக்குப் பலமுறை சோதிக்க வேண்டும். நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, குளோரின் கூடிப்போனதால் வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் வினைபுரிந்து உண்டாகும் சேர்மங்களின் வாடை அது. குளிக்காமல் இறங்குபவர்கள் கூடக் கூட, பராமரிப்புச் செலவும் கூடும். அதன் பிறகு கரையில் நிற்கும் உயிர்காப்பாளர்கள். தண்ணீரில் நாலே பேர் இருந்தாலும் அவர்கள் நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் வருமானம் குறையும், செலவு மட்டும் பெரிதாகக் குறையாது. ஆகவே குளத்தை நடத்துபவர்களின் முதல் கவலை, எந்த மாதத்தில் குளம் காலியாக இருக்கிறது என்பது.

ஜூபிலி குளத்தைப் பொறுத்தவரை இதற்குப் பதில் எளிது: கோடை போனால் காலி. குளிர்ந்த கடல்நீரில் குளிர்காலத்தில் யார் இறங்குவார்கள்? ஆனால் கார்ன்வாலின் தரைக்கடியில் கருங்கல் பாறை இருக்கிறது. அதிலுள்ள யுரேனியம், தோரியம் போன்ற தனிமங்கள் இயற்கையாகச் சிதைந்துகொண்டிருப்பதால் பாறை உள்ளுக்குள் சூட்டைச் சுமந்திருக்கிறது. சங்கம் அந்தச் சூட்டை எடுக்க முடிவு செய்தது. 410 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, மேலே வரும் வெதுவெதுப்பான நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து, ஹீட் பம்ப் கொண்டு மேலும் உயர்த்தி, குளத்தின் ஒரு பகுதியைத் தனியே தடுத்து அதற்குக் கொடுத்தார்கள். எடுத்த நீர் மறுபடி நிலத்துக்குள்ளேயே போகிறது. 2020 செப்டம்பரில் திறந்த அந்தப் பகுதியில் தண்ணீர் 30 முதல் 35 டிகிரி வரை இருக்கிறது. ஊரார் போட்ட பங்குப் பணத்தோடு மானியங்களும் சேர்ந்து இந்த மாற்றம் நடந்தது. அந்தப் பணத்தைப் பழைய நஷ்டத்தை அடைப்பதற்கு ஊற்றாமல், குளிர்காலத்திலும் சம்பாதித்துக் கொடுக்கும் ஒன்றில் போட்டார்களே, அதுதான் நாம் கற்க வேண்டியது.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி: உள்ளே யார் வரலாம்?

அமெரிக்காவின் மேரிலாந்தில், சில்வர் ஸ்பிரிங் அருகே, 1958-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து லாபநோக்கில்லாத ஒரு சங்கம் அமைத்துக் குளம் வெட்டினார்கள். வீட்டன்-ஹேவன் என்று பெயர். குளத்தைச் சுற்றி முக்கால் மைல் வட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு உறுப்பினராக முன்னுரிமை. பணமும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. ஆனால் அந்த வட்டத்துக்குள் வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பத்துக்கு உறுப்பினர் விண்ணப்பம்கூடக் கொடுக்கவில்லை. உறுப்பினர் ஒருவர் அழைத்துவந்த கறுப்பின விருந்தினரையும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது தனியார் மன்றம், எங்கள் இஷ்டம் என்ற வாதத்தை 1973-இல் நீதிபதிகள் ஒருமனதாக நிராகரித்தார்கள்.

அந்தச் சங்கத்திலும் சாதாரண மக்கள்தாம் இருந்தார்கள். அவர்களும் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் குளம் கட்டினார்கள். ஆகவே ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதி பணக்காரரைத் தடுக்குமே தவிர, பெரும்பான்மை சேர்ந்து ஒருவரை வெளியே நிறுத்துவதைத் தடுக்காது. இந்த இடத்தில்தான் பிரிட்டிஷ் சட்டம் செய்யும் ஒரு வேறுபாடு மதிப்புப் பெறுகிறது. கூட்டுறவுச் சங்கம் அதன் உறுப்பினர்களின் நன்மைக்காக; சமூக நலச் சங்கம் மொத்தச் சமூகத்தின் நன்மைக்காக. ஜூபிலி குளம் இரண்டாம் வகை. பங்கு வாங்காதவரும் கட்டணம் கொடுத்து இறங்கலாம் என்பது அங்கே யாரும் காட்டும் தயவு அல்ல. சங்கம் பிறந்த காரணமே அதுதான்.

ஆகவே உங்கள் பகுதியில் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒன்றைப் பேசத் தொடங்கினால், வசூலை முதலில் ஆரம்பிக்காதீர்கள். குளம் யாருக்காக என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள். விற்க முடியாதபடி விதி செய்யுங்கள். ஆளில்லாத மாதங்களின் செலவுக்கு எங்கிருந்து பணம் வரும் என்று கணக்கெழுதுங்கள். இந்த மூன்றும் முடிந்த பின் பங்குத் தாளை அச்சடிக்கலாம். வெற்றி பெற்றோமா என்று பின்னாளில் அளக்க வேண்டுமானால், திரட்டிய தொகையைப் பார்க்காதீர்கள். ஒரு காசும் போட முடியாத வீட்டுப் பிள்ளை உங்கள் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டதா என்று பாருங்கள். கற்றுக்கொண்டது என்றால்தான் அது பொதுக் குளம்.