சுக்கு ஆகும் அந்த ஒரு வாரம்

நன்றாகக் காய்ந்த சுக்கை ஒடித்தால் 'டக்'கென்று முறியும். முறிந்த இடத்தில் வெளிர் மஞ்சள் மாவும் நாரும் தெரியும். காரமும் எலுமிச்சையும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். போன மாதம் நான் வாங்கிவந்த சுக்கு பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மியில் வைத்துத் தட்டினேன். நடுவில் சாம்பல் நிறத்தில் பூசணம். வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைக்குக் கஷாயம் வைக்க வாங்கியது அது.

மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றதற்கு அவசரமே காரணமாக இருக்கும். பச்சை இஞ்சியில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். 100 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 20 கிலோ சுக்கு தேறும். அவ்வளவு தண்ணீரும் நடுக்கிழங்கிலிருந்து ஊர்ந்து மேலே வர வேண்டும். எடுத்த எடுப்பில் கடும் சூடு கொடுத்தால் மேல்பகுதி ஓடு கட்டிக்கொள்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணத்துக்கு இடம் கொடுக்கிறது. அதில் சிலவகைப் பூசணம் சுரக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு.

கேரளத்தில் பழகிய கைகள் செய்யும் வேலையைப் பாருங்கள். இஞ்சியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மண் போகக் கழுவி, கூராகச் சீவிய மூங்கில் பத்தையால் தோலைச் சுரண்டுகிறார்கள். இரும்புக் கத்தி பட்டால் கறை விழும். வாசனை எண்ணெய் இருக்கும் அறைகள் தோலை ஒட்டியே இருப்பதால், கை கொஞ்சம் அழுந்தினாலும் வாசம் தோலோடு போய்விடும். பிறகு களத்தில் மெல்லப் பரப்பி, புரட்டிப் புரட்டி, ஒரு வாரம் பத்து நாள் வெயில். ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கினால்தான் மூட்டை கட்டலாம்.

வானம் மூடிக்கொண்டால் உலர்த்தி இயந்திரம்தான் கதி. அங்கே 60 டிகிரி செல்சியஸ் ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் வாசனை எண்ணெய் காற்றில் போகும், நிறம் கறுக்கும். ஈரோட்டு மஞ்சளை வேகவைத்தே காயப்போடுகிறார்கள். அதையும் இயந்திரத்தில் உலர்த்தினால் 60 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் சூடு கெடுக்க மட்டும் செய்வதில்லை. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயும்போது அதன் ஒரு பகுதி ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. இஞ்சிக்கான ஜப்பானியச் சொல்லான 'ஷோகா'விலிருந்து வந்த பெயர் இது. ஜிஞ்சராலைவிட இதற்குக் காரம் அதிகம். நம் சித்த வைத்தியர்கள் காலைக்கு இஞ்சி, நண்பகலுக்குச் சுக்கு என்று இரண்டையும் இரு மருந்தாகவே வைத்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சூடு கூடக் கூட ஷோகாலும் கூடும், வாசமோ குறையும். காரம் மட்டும் போதும் என்பவருக்கு அதிகச் சூடு லாபம்தான். கஷாயத்துக்கும் சுக்குக் காப்பிக்கும் இரண்டும் வேண்டும். அதற்கு மிதமான சூடும் பொறுமையுமே வழி என்பது என் தீர்மானம்.

அந்தப் பொறுமைக்குச் சந்தையில் விலை இல்லை என்பதுதான் என் வருத்தம். சுண்ணாம்பு நீரில் தோய்த்தால் எந்தச் சுக்கும் வெளுத்துவிடும்; வெளுப்புக்கும் பருமனுக்கும் விலை சொல்லிவிட்டு, உள்ளே பார்க்காமலே மூட்டையைத் தூக்குகிறார்கள். மூட்டைக்கு நாலு சுக்கையாவது ஒடித்துப் பார்த்து விலை வைத்தால், பத்து நாள் களத்தில் குனிந்து புரட்டியவருக்குக் கூலி கட்டும்.