கிம்பாங்குவின் ஐந்து மாதங்கள்

அரசு மருத்துவக் குழு வருகிறது என்ற சேதி கிடைத்தாலே காட்டுக்குள் ஓடி ஒளிந்த ஊர்கள் பெல்ஜிய காங்கோவில் உண்டு. தூக்க நோயைக் கண்டறிய ஆண், பெண், குழந்தை எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நெறி கட்டியிருந்தால் அடுத்தது ஊசி. பலரைத் தனிமை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போட்ட அட்டாக்சில் என்ற ஆர்சனிக் மருந்தால் கண் போனவர்கள் இருந்தார்கள். போதாததற்குத் தலைவரி, கட்டாய வேலை, 1918 இறுதியில் வந்து ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல்.

அந்தக் காய்ச்சல் காலத்தில்தான் தனக்கு இறை அழைப்பு வந்ததாகச் சொன்னார் சிமோன் கிம்பாங்கு. கீழ்க் காங்கோவில் என்காம்பா என்ற சிற்றூர்க்காரர். பாப்டிஸ்ட் மிஷன் வளர்த்த உபதேசியார். அழைப்புக்குப் பயந்து லியோபோல்ட்வில் நகருக்குப் பிழைக்கப் போனார். அங்கும் நிலைக்காமல் ஊர் திரும்பினார். 1921 ஏப்ரல் 6 அன்று, பிழைக்க மாட்டாள் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் மேல் கை வைத்து ஜெபித்தார். அவள் எழுந்து நடந்தாள் என்பது அவருடைய சபையாரின் சாட்சியம்.

சில வாரங்களுக்குள் என்காம்பா நிரம்பி வழிந்தது. தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரிப் படுக்கைகளிலிருந்தும் நோயாளிகள் எழுந்து வந்தார்கள். தாயத்துகளையும் மந்திரப் பொம்மைகளையும் தூக்கி எறியுங்கள், ஒருத்தியோடு வாழுங்கள் என்றார் கிம்பாங்கு. மிஷனரிகள் பல ஆண்டுகளாகப் போதித்தும் நடக்காததை மக்கள் தாங்களே செய்தார்கள். அவர் யாரையும் ஆயுதம் எடுக்கச் சொல்லவில்லை.

குணமானது உண்மையா என்ற கேள்வியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அவர் கையைத் தேடி மக்கள் தாங்களாகவே நடந்துபோனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசை உறுத்தியதும் அதுவே. தோட்டத்தில் ஆள் இல்லை. தன் உத்தரவில்லாமல் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள்.

ஜூன் 6 அன்று நிர்வாகி லியோன் மொரேல் சிப்பாய்களோடு பிடிக்க வந்தபோது கிம்பாங்கு தப்பினார். செப்டம்பர் 12 அன்று தானாகவே வந்து பிடிகொடுத்தார். தீஸ்வில் நகரில் ராணுவ நீதிமன்றம், அவருக்காகப் பேச ஒரு வக்கீல்கூட இல்லாமல், அக்டோபர் 3 அன்று தீர்ப்புச் சொன்னது: 120 கசையடி, மரண தண்டனை. மன்னர் ஆல்பர்ட் அதை ஆயுள் சிறையாகக் குறைத்தார். ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் எலிசபெத்வில் சிறையில் முப்பது ஆண்டுகள் கிடந்து, 1951 அக்டோபர் 12 அன்று இறந்தார். வெளியே அவர் ஊழியம் செய்தது ஐந்து மாதம்தான்.

அவரைப் பின்பற்றியவர்களையும் தொலைதூரங்களுக்கு நாடு கடத்தினார்கள்; போன இடமெல்லாம் சபை முளைத்தது. மனைவி மாரி முவிலு அதை மறைவில் கட்டிக் காத்தார். 1959 டிசம்பரில் அரசு அங்கீகரித்தது. அடுத்த ஆறு மாதத்தில் காங்கோவுக்கு விடுதலை. 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்த்துக்கொண்டது. அவரைக் கலகக்காரர் என்று தண்டித்த அதே நாட்டில், 2023 முதல் அவர் பெயரால் ஏப்ரல் 6 அரசு விடுமுறை.