ஒளி அறுக்கும் கோடு

கணினியில் உருவம் வரைந்து, அவ்வுருவத்தின் கோடுகள் வழியே லேசர் ஒளியைச் செலுத்திப் பலகையை அறுத்தெடுக்கும் வித்தை பெரிய தொழிற்சாலைகளுக்கே உரியது என்று எண்ணித் தயங்குவோர் நம்மில் அநேகர். ஆனால் ஒரே பிற்பகலில் முடிந்துவிடக்கூடிய சிறு பொருள்களைச் செய்து பார்ப்பதே இதைப் பயில்வதற்கு உத்தமமான மார்க்கம். வரைந்தது சரியா பிழையா என்பதை, ஆசிரியர் வாய் திறக்குமுன் கையிலுள்ள பொருளே சொல்லிவிடுகிறது.

இவ்வித்தையின் இரு அம்சங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்னும் மாணவர் தம் ஆராய்ச்சிக்காக உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, திரையின்மேல் ஒளிப்பேனாவால் வரைவதற்கும், வரைந்த கோடுகளுக்குள் சம்பந்தங்களை விதிப்பதற்கும் வழி செய்தது. அடுத்த ஆண்டு, மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல், பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரைக் கண்டுபிடித்தார். அதன் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மரமும் காகிதமும் மட்டுமன்றி, கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக்கும் உட்கொண்டு வெப்பமாக்கிக்கொள்வதால், கதிர் குவியும் இடத்தில் அப்பொருள் ஆவியாகி வெட்டு விழுகிறது.

முதற் பயிற்சிக்கு ஒரு சாவி வளையமே போதும். வெட்டும் கோட்டுக்கு ஒரு நிறமும், பெயரைப் பொறிப்பதற்கு வேறொரு நிறமும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கதிரின் வலுவையும் வேகத்தையும் தனித்தனியே நிர்ணயிக்கும்போது, சித்திரம் யந்திரத்துக்கு இடும் கட்டளை என்பது பிரத்தியட்சமாகிறது.

அடுத்து, ப்ளைவுட்டில் ஒரு சிறு பெட்டி. இரு கைவிரல்களைக் கோத்தாற்போல், ஒரு பலகையின் பற்கள் மற்றதன் இடைவெளிகளில் புகுந்து நிற்க வேண்டும். பல்லையும் இடைவெளியையும் 10 மி.மீ. என்று வரைந்து வெட்டுபவருக்கு மூட்டு தளர்ந்து ஆடும்; கதிருக்கும் அகலம் உண்டல்லவா? அந்த அகலம் 0.2 மி.மீ. எனில், பல் 9.8 ஆகக் குறைந்து, இடைவெளி 10.2 ஆக விரிந்துவிடுகிறது. இதை முன்னரே அறிய, 100 மி.மீ. நீளமுள்ள செவ்வகத்தைச் சுற்றிலும் வெட்டிப் பத்துச் சம துண்டுகளாக்கி, அவற்றை நெருக்கி அடுக்கி அளந்தால் போதும்; 98 மி.மீ. வந்தால், குறைந்த 2 மி.மீ.யைப் பத்தால் வகுத்த 0.2-தான் கதிரின் அகலம். அதற்கேற்பப் பல்லைச் சற்றுப் பெருக்கியும் இடைவெளியைச் சுருக்கியும் வரைந்தால், பசையின்றியே பெட்டி இறுகி நிற்கும்.

பலகையின் கனமும் இவ்வாறே ஒரு பாடம். 3 மி.மீ. என்று விற்கப்படும் ப்ளைவுட், காலிபரில் அளந்தால் வேறாக இருக்கக்கூடும். ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே திருத்துவது வீண் சிரமம். கனம் என்னும் ஓர் அளவுக்குப் பெயரிட்டு, மற்ற அளவுகளை அதனோடு பிணைத்து வரைந்திருப்பின், ஓர் எண்ணை மாற்றினால் பெட்டி முழுவதும் தானே திருந்தும். சதர்லாண்ட் விதித்த சம்பந்தங்களின் மகிமை இதுவே. கணினிவழி வடிவமைப்பின் ஜீவநாடியும் இதுவே.

எச்சரிக்கையும் அவசியம். பி.வி.சி.யை ஒருபோதும் வெட்டலாகாது. அதிலுள்ள குளோரின் காரணமாக எழும் அமில வாயு மனிதருக்கும் யந்திரத்துக்கும் கேடு. புகைபோக்கி இயங்க வேண்டும். வெட்டு முடியும்வரை ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்; பலகை தீப்பற்றக்கூடும்.

வரைவதற்கு இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சொந்த யந்திரம் இல்லாதவர்கள் லேசர் கட்டிங் கடைகளில் கூலி கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். ஆகவே பெற்றோரும் ஆசிரியரும், பிள்ளைகளைப் பெரிய பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்க விடாமல், இந்த விடுமுறையிலேயே ஓர் அளவுகோலையும் ஒரு சிறு பலகையையும் அவர்கள் கையில் கொடுத்துத் தொடங்கச் செய்வார்களாக.